பழைய பனிக்கால டயர் விளம்பரங்களில் தயாரிப்புக் காலத்தைக் காட்டும் நான்கு இலக்கங்களும் இடம்பெற வேண்டும்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். குளிர்காலம் நெருங்கத் தொடங்கியதுமே தங்கள் நாளிதழின் வரிவிளம்பரப் பக்கத்தில் "பனிக்கால டயர் நான்கு, ரிம்முடன், நல்ல நிலையில்" என்பது போன்ற விளம்பரங்கள் ஒன்றன்கீழ் ஒன்றாக வரத் தொடங்கிவிடுகின்றன. அப்படி ஒரு விளம்பரத்தைப் பார்த்துவிட்டுப் பழைய டயர் வாங்கியவர்களில் நானும் ஒருவன். "நல்ல நிலையில்" என்ற அந்த இரண்டு சொற்களை நம்பியதால் எனக்கு நேர்ந்ததையும், அதன் பிறகு நான் கேட்டும் பார்த்தும் தெரிந்துகொண்டதையும் சொல்லி, தங்களிடம் ஒரு வேண்டுகோளை வைப்பதற்காகவே இதை எழுதுகிறேன்.

பழைய டயரே வாங்கக் கூடாது என்பது என் கருத்தன்று. பனிக்கால டயர் ஆண்டில் சில மாதங்கள் மட்டுமே ஓடுகிறது. மீதி மாதங்கள் கிடங்கிலோ கராஜிலோ கிடக்கிறது. காரை விற்றுவிட்டு வேறு கார் வாங்குகிறவருக்குப் பழைய காரின் டயர் அளவு பொருந்தாமல் போவது சாதாரணமாக நடப்பது. இரண்டு குளிர்காலம் மட்டுமே ஓடிய அருமையான டயர்கள் அப்படித்தான் விற்பனைக்கு வருகின்றன. குளிர்நாட்டுக்குப் புதிதாக வந்து, கையில் இருப்பதை எல்லாம் வீட்டு வாடகைக்கும் காருக்கும் கொடுத்துவிட்டு நிற்கும் ஒரு குடும்பத்திடம் புது டயர்தான் வாங்க வேண்டும் என்று சொல்ல எனக்கு மனம் வராது. கோடைக்கால டயருடன் பனியில் இறங்குவதைவிட, நன்றாகப் பார்த்து வாங்கிய பழைய பனிக்கால டயர் எத்தனையோ மடங்கு மேல். எதைப் பார்த்து வாங்குவது என்பதில்தான் நான் தவறினேன்.

நான் வாங்கிய நான்கு டயர்களும் பார்வைக்குப் புதிது போலவே இருந்தன. விற்றவர் கழுவித் துடைத்து, ஏதோ ஒரு மெருகுத் திரவமும் பூசி, கருகருவென்று பளபளக்க வைத்திருந்தார். பட்டன் என்று நாம் சொல்கிற ரப்பர்க் கட்டைகளுக்கு இடையே உள்ள வரிப்பள்ளங்களின் ஆழத்தை நான் அளவுகோல் வைத்தே பார்த்தேன். ஏழு மில்லிமீட்டர் இருந்தது. புது பனிக்கால டயரில் பொதுவாக எட்டு முதல் ஒன்பது மில்லிமீட்டர் ஆழம் இருக்கும் என்று படித்திருந்ததால், கிட்டத்தட்டப் புது டயரே கிடைத்துவிட்டது என்று மகிழ்ந்துபோனேன். முதல் சில வாரங்கள் சாலை காய்ந்தே இருந்தது. எந்தக் குறையும் தெரியவில்லை. பிறகு ஒருநாள் காலையில், இரவில் பெய்த மழைத்தூறல் மெல்லிய பனிக்கட்டியாக உறைந்திருந்த ஒரு சந்திப்பில், மெதுவாகத்தான் வந்துகொண்டிருந்தேன். வழக்கமான இடத்தில் பிரேக்கை மிதித்தேன். காலுக்கடியில் பெடல் கடகடவென்று அதிர்ந்தது, கார் நிற்கவில்லை. நிறுத்தக் கோட்டைத் தாண்டி, பாதசாரிகள் கடக்கும் வரிகளின் மேல் ஏறி, ஒரு கார் நீளத்துக்கு வழுக்கிக்கொண்டே போய்த்தான் நின்றது. பின்னிருக்கையிலிருந்து என் மகள் "ஏம்பா, நீங்க நிறுத்தவே இல்லையே?" என்று கேட்டாள். அந்த நேரத்தில் சாலையைக் கடக்க ஒருவரும் இல்லை என்பது எங்கள் நல்லூழ். இதை எழுதும்போதும் அந்தப் பெடலின் அதிர்வு என் பாதத்தில் இருக்கிறது.

மறுநாள் எனக்குத் தெரிந்த மெக்கானிக் ஒருவரிடம் காரைக் கொண்டுபோனேன். அவர் ஆழத்தை அளக்கவே இல்லை. சக்கரத்தைக் கழற்றித் திருப்பி, காரின் அடிப்பக்கம் பார்த்திருந்த பக்கச்சுவரில் டார்ச் அடித்து, நீள்வட்டக் கட்டத்துக்குள் இருந்த நான்கு இலக்கங்களைக் காட்டினார். அந்த டயர் செய்யப்பட்டுப் பதினோரு ஆண்டுகள் ஆகியிருந்தன. மற்ற இரண்டும் அதே வயது. நான்காவது அவற்றைவிட இரண்டு ஆண்டு இளையது, அதாவது எப்போதோ ஒன்று கிழிந்துபோய் மாற்றப்பட்டிருக்கிறது. பிறகு அவர் என் கட்டைவிரல் நகத்தை அந்த டயரின் பட்டன் ஒன்றில் அழுத்திப் பார்க்கச் சொன்னார். மேசையை அழுத்துவது போல இருந்தது. அடுக்கில் இருந்த புது பனிக்கால டயர் ஒன்றிலும் அப்படியே அழுத்தச் சொன்னார். நகம் உள்ளே இறங்கி, எடுத்த பிறகு பிறைபோல ஒரு தடம் சிறிது நேரம் நின்று மறைந்தது. அந்த ஒரு நிமிடத்தில் எனக்குப் புரிந்தது, அதற்கு முன் படித்த எதிலும் புரியவில்லை.

பனிக்கால டயரின் உயிர் அதன் மென்மையில் இருக்கிறது. வெப்பம் ஏழு பாகை செல்சியசுக்குக் கீழே இறங்கினால் கோடைக்கால டயரின் ரப்பர் இறுகத் தொடங்கிப் பிடிமானத்தை இழக்கிறது என்பதும், பனிக்கால டயரின் ரப்பர்க் கலவை அந்தக் குளிரிலும் நெகிழ்ந்தே இருக்கும்படி சிலிக்கா முதலியவை சேர்த்துச் செய்யப்படுகிறது என்பதும் பலரும் அறிந்ததே. ஆனால் அந்த நெகிழ்ச்சி நிலையானதன்று. ரப்பரைக் கந்தகத்துடன் சூடாக்கி அதன் மூலக்கூற்றுச் சங்கிலிகளை ஒன்றோடொன்று பிணைப்பதுதான் 1839-இல் சார்லஸ் குட்இயர் கண்டறிந்த முறை. அந்தப் பிணைப்பு தொழிற்சாலையோடு முற்றிலும் நின்றுவிடுவதில்லை. வெயில், சூடு, காற்றிலுள்ள ஆக்சிஜன், ஓசோன் ஆகியவை ஆண்டுக்கணக்கில் பட்டுப் பட்டு மேலும் மேலும் பிணைப்புகள் உண்டாகின்றன. ரப்பரை இளக்கமாக வைத்திருக்கும் எண்ணெய்கள் சிறிது சிறிதாக வெளியேறுகின்றன. டயர் ஓடினாலும் ஓடாவிட்டாலும் இறுகிக்கொண்டே வருகிறது. ஆகவே பத்து ஆண்டுகள் கராஜில் கிடந்த டயரில் பட்டன் குறையாமல் அப்படியே இருக்கும், பிடிமானம் மட்டும் போயிருக்கும். தேய்ந்த டயர் தன் குறையைத் தானே காட்டிவிடுகிறது. முதிர்ந்த டயரோ ஆழத்தைக் காட்டி நம்மை ஏமாற்றுகிறது. பழைய பனிக்கால டயர் வாங்குகிறவர் அஞ்ச வேண்டியது இந்த இரண்டாவதைத்தான் என்பது என் உறுதியான எண்ணம்.

அந்த நான்கு இலக்கங்களைப் படிப்பது மிக எளிது. டயரின் பக்கச்சுவரில் டி, ஓ, டி என்ற மூன்று ஆங்கில எழுத்துகளுடன் தொடங்கும் ஒரு நீண்ட குறியீடு இருக்கும். அதன் கடைசி நான்கு இலக்கங்களில் முதலிரண்டும் வாரத்தையும், பின்னிரண்டும் ஆண்டையும் குறிக்கும். 3618 என்றிருந்தால் 2018-ஆம் ஆண்டின் 36-ஆவது வாரத்தில் அந்த டயர் செய்யப்பட்டது என்று பொருள். நான்குக்குப் பதிலாக மூன்று இலக்கங்களே இருந்தால் அது 2000-க்கு முந்தையது. அதைத் தொடவே வேண்டாம். பல டயர்களில் இந்த முழுக் குறியீடு ஒரு பக்கச்சுவரில் மட்டுமே அச்சாகியிருக்கும், மறுபக்கத்தில் கடைசி நான்கு இலக்கங்கள் இல்லாமல் குறைக்குறியீடு மட்டும் இருக்கும் என்பதையும் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். நான் வாங்கியபோது டயர்கள் சுவரோரமாக அடுக்கப்பட்டிருந்தன. இலக்கங்கள் இருந்த பக்கம் சுவரைப் பார்த்திருந்தது. அதை வேண்டுமென்றே அப்படி வைத்தார் என்று நான் சொல்ல மாட்டேன். பிற்பாடு தொலைபேசியில் கேட்டபோது, அந்த எண்களைப் பற்றித் தமக்கு எதுவும் தெரியாது, அவரும் அவற்றை இன்னொருவரிடம் வாங்கியதுதான் என்றார். அவர் குரலில் பொய் இல்லை. அறியாமை ஒருவர் கையிலிருந்து அடுத்தவர் கைக்கு டயரோடு சேர்ந்தே மாறிக்கொண்டிருக்கிறது.

எத்தனை வயது வரை வாங்கலாம் என்று கேட்பார்கள். ஆறு ஆண்டுகளுக்குப் பிறகு மாற்றிவிடும்படி சில கார் நிறுவனங்கள் அறிவுறுத்துகின்றன. டயர் நிறுவனங்களில் சில, ஐந்து ஆண்டுகளுக்குப் பிறகு ஆண்டுதோறும் சோதித்து, எப்படியும் பத்து ஆண்டுகளோடு நிறுத்திவிடச் சொல்கின்றன. இவை எல்லாம் டயர் வெடிக்காமல் ஓடுவதற்கான எல்லைகள். பனியில் நிற்பதற்கான எல்லை அதைவிடக் குறைவு. வாங்கும் நாளில் நான்கு வயதைத் தாண்டிய பனிக்கால டயரை நான் இனி வாங்க மாட்டேன். ஏனெனில் அதன் பிறகு இரண்டு, மூன்று குளிர்காலமாவது அதை ஓட்டத்தானே வாங்குகிறோம்.

ஆழத்தைப் பற்றியும் ஒரு தவறான கணக்கு நம்மிடையே இருக்கிறது. பல நாடுகளில் சட்டம் கேட்கும் குறைந்தபட்ச ஆழம் 1.6 மில்லிமீட்டர், அதை வைத்துக்கொண்டு "ஐந்து மில்லிமீட்டர் இருக்கிறது, இன்னும் மூன்று மில்லிமீட்டருக்கு மேல் ஓடலாம்" என்று விற்பவரும் சொல்கிறார், வாங்குபவரும் நம்புகிறார். ஆனால் பனிக்கால டயர் நான்கு மில்லிமீட்டருக்குக் கீழே போனால் பனியில் அதன் வேலை பெருமளவு முடிந்துவிடுகிறது. ஆஸ்திரியாவில் குளிர்காலத்தில் நான்கு மில்லிமீட்டருக்குக் குறைந்த ரேடியல் டயரை, அதாவது இன்றைய கார்களில் வழக்கமாக உள்ள வகை டயரை, பனிக்கால டயராகவே சட்டம் ஏற்பதில்லை. இதற்குக் காரணத்தை டயரின் பட்டனைக் கூர்ந்து பார்த்தாலே காணலாம். ஒவ்வொரு பட்டனின் மேலும் பிளேடால் கீறியது போல வளைந்து வளைந்து செல்லும் மெல்லிய கீறல்கள் இருக்கின்றன. பனியைக் கவ்விப் பிடிப்பவை அந்தக் கீறல்களின் ஓரங்கள்தான். பெரிய பள்ளங்களின் அடிவரை எல்லாக் கீறல்களும் இறங்குவதில்லை. டயர் பாதி தேயும்போது அவற்றில் பல மறைந்து, பட்டன் வெறும் கட்டையாக நிற்கிறது. சில வகை டயர்களில் மேலடுக்குக்கு மட்டும் சிறப்பான ரப்பர்க் கலவை இருக்கும். அது தேய்ந்ததும் அடியில் இருப்பது அவ்வளவு பிடிமானம் இல்லாத வேறு ரப்பர். ஆகவே ஒரு பழைய பனிக்கால டயரின் மிச்சத்தைக் கணக்கிட, அதன் ஆழத்திலிருந்து நான்கைக் கழிக்க வேண்டும். ஒன்பதிலிருந்து கழித்தால் ஐந்து. ஐந்திலிருந்து கழித்தால் ஒன்று. ஐந்து மில்லிமீட்டர் டயரைப் பாதி விலைக்கு வாங்கியவர் உண்மையில் ஐந்தில் ஒரு பங்கைத்தான் வாங்கியிருக்கிறார். அதுவும் அந்த ஐந்து மில்லிமீட்டர் டயரின் நடுவில் மட்டும் இருந்து, ஓரங்களில் மூன்றாக இருந்தால், அந்த ஒன்றும் இல்லை. உள்ளோரம், நடு, வெளியோரம் என்று மூன்று இடத்தில் அளந்து, அவற்றில் குறைந்ததையே ஆழமாகக் கொள்ள வேண்டும்.

ஓரங்கள் மட்டும் தேய்ந்திருந்தால் காற்றுக் குறைவாக ஓட்டப்பட்டது, நடு மட்டும் தேய்ந்திருந்தால் காற்று மிகையாக இருந்தது, ஒரு பக்கம் மட்டும் தேய்ந்திருந்தால் அந்தக் காரின் வீல் அலைன்மென்ட், அதாவது சக்கரங்களின் நேரமைப்பு, கெட்டிருந்தது என்று அறியலாம். பக்கச்சுவரில் கொப்புளம் போன்ற புடைப்பு இருந்தால் உள்ளே நூலிழைகள் அறுந்திருக்கின்றன. எவ்வளவு மலிவாகக் கொடுத்தாலும் வேண்டாம் என்று சொல்லிவிட வேண்டும். பஞ்சர் போட்டிருப்பது தரையில் படும் பகுதியில் என்றால் முறையாக உள்பக்கத்திலிருந்து ஒட்டியிருக்கும் பட்சத்தில் குற்றமில்லை. பக்கச்சுவரில் போட்டிருந்தால் அந்த டயர் சாலைக்கு உரியதன்று. மெருகு பூசிப் பளபளக்கும் டயரைக் கண்டால் ஒரு துணியால் துடைத்துவிட்டுப் பக்கச்சுவரைச் சற்று வளைத்துப் பாருங்கள். மயிரிழை வெடிப்புகள் அந்த மெருகுக்கடியில்தான் ஒளிந்திருக்கும். என் டயர்களிலும் இருந்தன.

டயரில் உள்ள குறியீட்டைப் பற்றி ஒரு சொல். எம்+எஸ் என்ற எழுத்துகளைக் கண்டதும் பனிக்கால டயர் என்று நம்புவோர் இன்னும் பலர். அது சேறும் பனியும் என்பதைக் குறிக்கும் பழைய அடையாளம். அதைப் பொறிப்பதற்கு எந்தச் சோதனையிலும் தேற வேண்டியதில்லை. மூன்று முகடுள்ள மலையும் அதனுள் பனிப்பூவும் வரைந்த சின்னமே, பனியில் ஓட்டிச் சோதித்துத் தேறிய டயருக்குக் கிடைப்பது. ஜெர்மனியில் 2024 அக்டோபர் முதல் நாளிலிருந்து, எம்+எஸ் எழுத்துகள் மட்டும் உள்ள டயர் பனிக்கால டயராக ஏற்கப்படுவதில்லை. அத்தகைய டயர்களைப் பலர் கழித்துவிட்டிருப்பார்கள். அவை பழைய டயர்ச் சந்தையில் வேறு பெயரில் நம்மிடம் வந்து சேரக்கூடும்.

நான்கு டயர்களும் ஒரே நிறுவனம், ஒரே ரகம், ஏறத்தாழ ஒரே தேய்மானமாக இருப்பது நல்லது. பணத்தை மிச்சப்படுத்த இரண்டு மட்டும் வாங்கி முன்சக்கரங்களுக்குப் போட்டுக்கொள்கிறவர்களை நான் அறிவேன். வளைவில் முன்பக்கம் பிடித்துக்கொள்ள, பின்பக்கம் வீசி அடித்துக் கார் சுழன்றுபோவது அப்படிப்பட்ட வண்டிகளில்தான். நான்கு சக்கரங்களும் இயங்கும் கார்களில் டயர்களின் தேய்மானம் வேறுபட்டால் அவற்றின் சுற்றளவும் வேறுபட்டு, இயக்கக் கருவிகளையே கெடுத்துவிடலாம். டயர் எவ்வளவு எடை தாங்கும் என்பதைக் காட்டும் சுமைக் குறியெண் காருக்குச் சொல்லப்பட்டதைவிடக் குறையக் கூடாது. ரிம்முடன் வாங்கும்போது போல்ட் துளைகளின் எண்ணிக்கை பொருந்தினால் மட்டும் போதாது. துளைகள் அமைந்த வட்டத்தின் விட்டமும் நடுத்துளையின் அளவும் பொருந்த வேண்டும். மாட்டி ஓட்டத் தொடங்கிய பிறகு நூறு கிலோமீட்டருக்குள் நட்டுகளைத் திரும்ப ஒருமுறை சரியான இறுக்கத்துக்கு முறுக்கிக்கொள்வது நன்று. இவற்றை எல்லாம் ஒரு நல்ல மெக்கானிக் பார்த்துக்கொள்வார் என்பதால் விரிக்கவில்லை.

இனி என் வேண்டுகோள். தங்கள் நாளிதழில் பழைய டயர் விற்பனை விளம்பரம் கொடுப்பவர்களிடம் மூன்று விவரங்களைக் கட்டாயமாகக் கேட்டு வாங்கி வெளியிட வேண்டும். ஒன்று டயரின் அளவு. இரண்டாவது, நான்கு டயர்களின் தயாரிப்பு வாரத்தையும் ஆண்டையும் குறிக்கும் அந்த நான்கு இலக்கங்கள். மூன்றாவது, மிகக் குறைந்த இடத்தில் அளந்த ஆழம், மில்லிமீட்டரில். "205/55 ஆர்16, பனிக்காலம், நான்கு, தயாரிப்பு 3823, ஆழம் 7 மி.மீ." என்று ஒரே வரியில் இது முடிந்துவிடும். "நல்ல நிலையில்" என்பதை எடுத்துவிட்டாலே அதற்கு இடம் கிடைத்துவிடுகிறது.

சொல்லுக்குச் சொல் கட்டணம் என்பதால் விளம்பரதாரர் தயங்குவார் எனில், அந்த இலக்கங்களுக்குக் கட்டணம் வாங்காமல் விடலாம். பொய்யான எண்ணைக் கொடுப்பவர்களை என்ன செய்வது என்று தாங்கள் கேட்கக்கூடும். எண்ணைப் பொய்யாகக் கொடுத்தால், வாங்க வந்தவர் டயரைத் திருப்பிப் பார்த்த அந்த நொடியே அது வெளிப்பட்டுவிடும். "நல்ல நிலையில்" என்ற சொல்லை யாரும் திருப்பிப் பார்க்க முடியாது. அதைவிட முக்கியமாக, விளம்பரம் எழுத உட்காரும் விற்பனையாளர், தம் வாழ்நாளில் முதன்முறையாகக் கராஜுக்குப் போய், டயரைப் புரட்டி, டார்ச் அடித்து அந்த இலக்கங்களைத் தேடுவார். அவரிடம் பதினோரு வயது டயர் இருப்பது அவருக்கே அப்போதுதான் தெரியவரும். எனக்கு விற்றவரைப் போன்ற நேர்மையானவர்களில் பலர் அதன்பின் விற்க முன்வர மாட்டார்கள் என்றே நம்புகிறேன்.

என்னிடம் இருந்த அந்த நான்கு டயர்களையும் நான் யாருக்கும் விற்கவில்லை. கேட்டு வந்த இருவரிடமும் காரணத்தைச் சொல்லி அனுப்பிவிட்டேன். மறுசுழற்சிக்குக் கொடுக்கும் முன், அங்கிருந்து யாரும் எடுத்துத் திரும்பவும் விற்றுவிடக் கூடாது என்று ஒவ்வொன்றின் பக்கச்சுவரையும் கத்தியால் குறுக்கே அறுத்துவிட்டேன். குளிர்கால விளம்பரங்கள் குவியத் தொடங்குவதற்கு முன்பே தாங்கள் இதைப் பரிசீலித்து முடிவெடுக்க வேண்டும் என்று பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்.

இங்ஙனம்,
தங்கள் நாளிதழின் நெடுநாள் வாசகன்